இறங்கும் மைதானத்தின் வடக்கு வாசல் சாவி

என் தம்பி பாராசூட் படைக்குப் போகிறான் என்பதைக் கொல்லிமலைக்கு அறிவித்தது நாங்கள் இல்லை, பேருந்து நடத்துனர். அடிப்படைப் பயிற்சி முடித்து விடுமுறையில் வந்தவனிடம் டிக்கெட் கிழிக்கும்போதே பேச்சுக் கொடுத்து விஷயத்தைக் கறந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும், "ஏனுங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, தம்பி ஏரோப்ளான்ல இருந்து குதிக்கப்போறவரு" என்று சொல்லிக்கொண்டே மலையேறினார். வண்டி செம்மேட்டுக்கு வந்து சேர்வதற்குள் 'குதிக்கப்போறவரு' 'குதிச்சவரு' ஆகியிருந்தார். அதுவரை என் தம்பி குதித்ததிலேயே உயரமான இடம் எங்கள் காட்டுப் பலாமரத்தின் இரண்டாவது கிளை.

உண்மை நிலவரம் வேறு. விடுமுறை முடிந்ததும் அவன் தன் முதல் யூனிட்டில் போய்ச் சேர வேண்டும். அங்கே சில மாதங்கள் அவனை வைத்துப் பார்ப்பார்கள். தேறினால் மெரூன் நிறத் தொப்பி கொடுத்து விமானத்துக்கு அனுப்புவார்கள். தேறாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாதாரணப் பட்டாளத்துக்குப் போக வேண்டியதுதான். ராணுவத்தில் அதை யாரும் குறையாக நினைப்பதில்லையாம். ஆனால் எங்கள் மலைச் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் "என்னாச்சு?" என்று கேட்க ஓர் ஆள் ஏறுவார். தம்பிக்கு விமானத்தைப் பற்றிப் பயமே இல்லை. அவன் பயந்தது நடத்துனருக்கு.

நான் அப்போது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு செம்மேட்டில் பாய் கடையில் வேலை பார்த்தேன். பாய் அடிவாரத்து ஊர்க்காரர். கீழே இருந்து ஜீப்பில் டி.வி.யும் ரேடியோவும் ஏற்றி வந்து, போகும்போது மிளகு ஏற்றிப் போவார். கடையின் முன்பக்கம் எஸ்.டி.டி. பூத், பின்பக்கம் என் ரிப்பேர் மேசை. பழுதான டி.வி. வந்தால் உள்ளிருக்கும் பாகங்களை மூன்று கிண்ணங்களில் பிரிப்பது என் வழக்கம்: நல்லது, செத்தது, சந்தேகம். அந்த வழக்கம் மேசையோடு நிற்கவில்லை. சந்தைக்கு வரும் ஆட்களையும் அவர்கள் சொல்லும் செய்திகளையும் மனதுக்குள் அதே மூன்று கிண்ணங்களில்தான் போட்டு வைத்திருந்தேன்.

தம்பி போகவிருந்த அதே யூனிட்டில் எங்கள் மலையிலேயே இன்னொரு பகுதியான குண்டனி நாட்டுக்காரர் ஒருவர் ஏற்கெனவே இருந்தார். தம்பியைவிட சில வருடம் மூத்தவர். அவரும் அப்போது விடுமுறையில் வந்திருந்தார். பூத்துக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, புதிதாகச் சேருகிறவனுக்கு அங்கே என்னென்ன காத்திருக்கிறது என்று தம்பிக்குத் தினமும் கதை சொல்வார். தம்பி வாயைப் பிளந்து கேட்பான். நான் சால்டரிங் வைத்துக்கொண்டே கேட்பேன்.

"மொதல்ல உம் பேரை மறந்துரு. தொப்பி வாங்கற வரைக்கும் உனக்குப் பேரே கெடையாது. 'புதுசு'ம்பாங்க. அவ்வளவுதான்."

"சரிங்கண்ணே."

"கேட்டுலிருந்து தங்கற பேரக்ஸ் வரைக்கும் பெட்டிய தலைல வெச்சுட்டு ஓடோணும். அங்க எவனும் நடக்க மாட்டான். கக்கூசுக்குக்கூட ஓட்டந்தான்."

"அது பரவால்லீங்கண்ணே, பலாப்பழம் தூக்கின தலைதான்."

"மொத நாளு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால உன்னய மேசை மேல ஏத்தி உடுவாங்க. ஊரு, அப்பன் பேரு எல்லாஞ் சொல்லி ஒரு பாட்டுப் பாடோணும். நல்லாப் பாடலைனா மறுபடியும் பாடச் சொல்லுவாங்க."

"நல்லாப் பாடினா?"

"அப்பயும் மறுபடி பாடச் சொல்லுவாங்க."

இதுவரை எல்லாம் நல்லது கிண்ணம். பிறகு குரல் கொஞ்சம் இளகும்.

"அப்பறம் பாரு சாமி, நாம எறங்கற மைதானம் இருக்குதுல்ல, அதுக்குப் பெரிய கேட்டு. பூட்டியே வெச்சிருப்பாங்க. ஸ்டோர்ல போயி சாவி வாங்கிட்டு வந்து தெறந்து வெச்சாத்தான் மேல இருக்கறவங்க குதிக்க முடியும். புதுசா வாரவனுக்குத்தான் அந்த வேலை. மறந்துராத சாமி."

நான் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தேன். பாலிடெக்னிக்கில் சேர்ந்த முதல் வாரம், மூத்த மாணவிகள் என்னைப் பட்டறைக்கு அனுப்பி ஒரு வாளி எர்த் வாங்கிவரச் சொல்லியிருந்தார்கள். எர்த் என்பது மின்சாரத்தைத் தரைக்குள் இறக்கும் இணைப்பு, வாளியில் அள்ளுகிற சாமான் இல்லை. நான் போகவில்லை. வாளிக்குக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி அவர்களிடமே திரும்பிப் போய் நின்றேன். ஆகவே இந்த வகைச் சரக்கை எனக்கு அடையாளம் தெரியும்.

அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது தம்பிக்கு இரண்டு விதிகள் சொன்னேன். ஒன்று, அவர் 'சாமி' என்று கூப்பிட்டால் சொல்வது பொய். இரண்டு, பொய் உன்னை நடக்க வைக்கும், உண்மை உன்னை நோக வைக்கும். எங்கேயாவது போய் எதையாவது வாங்கி வா என்றால் சந்தேகப்படு. உடம்பு நோகும் என்றால் நம்பு.

இந்த இரண்டு விதிகளும் மறுநாளே ஒன்றோடொன்று மோதின.

"முக்கியமான சங்கதி சாமி," என்று ஆரம்பித்தார் குண்டனி நாட்டுக்காரர். "மேல இருந்து எறங்கும்போது ரெண்டு காலும் ஒட்டியிருக்கோணும். பாதமும் முட்டியும் கோந்து வெச்ச மாதிரி. தரை பட்டதும் அப்பிடியே பக்கவாட்டுல உருண்டு உழோணும். காலு பிரிஞ்சுதுன்னா எலும்பு போயிரும். இல்லீன்னா, எலும்பு போறதுக்கு முன்னால உஸ்தாத் உன்னய ஊட்டுக்கு அனுப்பிருவாரு."

உஸ்தாத் என்றால் அங்கே பயிற்சி கொடுப்பவர். தம்பி என்னைப் பார்த்தான். 'சாமி' வந்துவிட்டது. ஆனால் சொன்னது வலிக்கிற விஷயம்.

எங்கள் மலையில் பிறந்தவர் யாரிடம் கேட்டாலும் இதைப் பொய் என்றுதான் சொல்வார்கள். சமதரை என்பது எங்களுக்குக் கிடையாது. மரத்திலிருந்தோ வரப்பிலிருந்தோ குதித்தால் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே ஊன்றும். நடக்கப் பழகுவதற்கு முன்பே அப்படிக் குதிக்கப் பழகிவிடுகிறோம். கால் இரண்டையும் ஒட்டிக் குதித்தால் சரிவில் உருண்டு அடுத்தவர் காட்டில்தான் போய் நிற்க வேண்டும்.

தம்பி அங்கேயே பரிசோதித்தான். கடைப் படியின் மேல் ஏறி நின்று, கால்களைச் சேர்த்து, குதித்தான். உருண்டான். பக்கத்து மரவள்ளிக் காட்டுக்குள் கொஞ்ச தூரம் போய்ச் செடிகளுக்கு நடுவில் நின்றான். காட்டுக்காரர் சந்தைக் கூடையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"கெழங்கு புடுங்க இப்பிடியும் ஒரு வழி இருக்குதா கண்ணு?"

சந்தையே சிரித்தது. குண்டனி நாட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பொய்யி. சுத்தப் பொய்யி" என்று தம்பி வாயிலிருந்த மண்ணைத் துப்பினான். பாயும் தலையாட்டினார்.

நான் அவர்களைப் பார்க்கவில்லை. பெஞ்சில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தவரின் கால்களைப் பார்த்தேன். வாய் என்னவெல்லாமோ செய்துகொண்டிருந்தது. ஆனால் இரண்டு பாதங்களும் இரண்டு முட்டிகளும் ஒன்றோடொன்று ஒட்டி அசையாமல் இருந்தன. எங்கள் மலையில் எந்த ஆணும் அப்படி உட்கார மாட்டான். யாரோ பல மாதம் அடித்துப் பழக்கிய கால்கள் அவை.

"அவர் சொல்றது நெசம்," என்றேன் பாயிடம், அவர் போன பிறகு. "அவர் முட்டியைப் பார்த்தீங்களா?"

"நான் எதுக்கும்மா அந்தப் பையன் முட்டியப் பாக்கறேன்?" என்றார் பாய். "நீ பாத்தியா?"

நான் சால்டரிங் அயர்னை எடுத்துக்கொண்டேன்.

யோசித்தால் கணக்கும் சரியாகத்தான் வந்தது. நாங்கள் குதிப்பது தெரிந்த இடத்தில். எந்தக் கால் எங்கே படும் என்று பார்த்துவிட்டுக் குதிக்கிறோம். பாராசூட்டில் வருகிறவனைக் காற்று தள்ளிக்கொண்டு வருகிறது. எங்கே, எந்தப் பக்கமாகப் போய் விழுவோம் என்று அவனுக்கே தெரியாது. ஒரு கால் முதலில் பட்டால் மொத்தப் பாரமும் அதன் மேல். ஒட்டியிருந்தால் பாதிப் பாதி. இணையாகப் போட்ட இரண்டு கம்பிகள் மின்சாரத்தைப் பங்குபோடுவது மாதிரி. முந்தின நாள் 'சாமி' என்றதும் நான் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். இன்று அவர் 'சாமி' போட்டுச் சொன்னது தம்பி நம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான். உண்மையைப் பொய்யின் கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தார். அது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான வேலை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மீதி விடுமுறை முழுவதும் தம்பியின் கால்களைத் திருத்தினோம். சமதரை வேண்டும் என்பதால் பள்ளிக்கூட மைதானம். உயரம் வேண்டும் என்பதால் பாயின் ஜீப். லாரி ட்யூபை வார் வாராக வெட்டி அவன் கணுக்காலிலும் முட்டியிலும் கட்டுவேன். அவன் ஜீப்பின் பின்படியிலிருந்து குதிப்பான். தேறியதும் பானெட்டிலிருந்து. பிறகு கூரையிலிருந்து. பாய் கூரையைப் பற்றி மட்டும் கவலைப்பட்டார். "பையன் உழுந்தா எந்திரிச்சுக்குவான். தகரம் நெளிஞ்சா எந்திரிக்காது பாப்பா."

கட்டு இருக்கும்வரை நன்றாக விழுந்தான். அவிழ்த்தால் கால் தானாகப் பிரிந்தது. அவன் தலைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை. ஒருநாள் அம்மா சாமைக் களியோடு மைதானத்துக்கு வந்தபோது அவன் கட்டிய கால்களோடு தரையில் புரண்டுகொண்டிருந்தான்.

"எம் புள்ளைய ஆட்டக் கட்டற மாதிரிக் கட்டிப் போட்டிருக்கறயே. பட்டாளத்துலகூட இப்பிடிப் பண்ண மாட்டாங்களே."

"பட்டாளத்துல இதவிட மோசமாப் பண்ணுவாங்கம்மா," என்றான் தம்பி படுத்தபடியே, பெருமையாக.

குண்டனி நாட்டுக்காரர் முன்னதாகவே யூனிட்டுக்குத் திரும்பிப் போனார். போகிற அன்று பூத்துக்கு வந்து எங்கும் போன் பண்ணாமல் நின்றார். "உங்க தம்பிய அங்க நான் பாத்துக்கறேனுங்க" என்றார். "அதுதானுங்க எனக்குக் கவலையா இருக்குது" என்றேன். சிரித்துக்கொண்டே பேருந்தில் ஏறினார்.

சாவி வேலையை அவரேதான் வைப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். பாயின் பழைய மிளகுக் கிடங்குப் பூட்டுக்கு உள்ளங்கை நீளத்தில் ஓர் இரும்புச் சாவி இருந்தது. அதைத் துருப் போகத் தேய்த்து எண்ணெய் பூசினேன். பழைய ரேடியோவின் உள்சட்டத்திலிருந்து ஓர் அலுமினியத் துண்டை வெட்டி, துளை போட்டு, அதில் ஆங்கில எழுத்தில் 'இறங்கும் மைதானம், வடக்கு வாசல்' என்று பொறித்து, வளையத்தில் கோத்தேன். சீரியல் நம்பரும் போட்டேன். நம்பர் இல்லாத அரசாங்கச் சாமானை யார் நம்புவார்கள்? தம்பி கிளம்பும்போது அம்மா இருமலுக்கு என்று ஒரு பை மிளகு கொடுத்தாள். நான் சாவி கொடுத்தேன். எப்போது எடுக்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூத்துக்கு அவன் போன் வரும்.

முதல் போனில் பாட்டைப் பற்றிச் சொன்னான். பெட்டியோடு ஓடியதும் பெயர் போனதும் சொன்னபடியே நடந்ததாம். ராத்திரி மேசை மேல் ஏற்றினார்களாம். அவனுக்குப் பாட்டு எதுவும் முழுசாகத் தெரியாது. பதற்றத்தில் அவன் வாயில் வந்தது எங்கள் பேருந்து நடத்துனரின் குரல். அதே இழுப்போடு, "சோளக்காடு எறங்கு, சோளக்காடு எறங்கு, காரவள்ளி, காளப்பநாய்க்கன்பட்டி, சேந்தமங்கலம், நாமக்கல் எல்லாம் முன்னால போ" என்று மலை அடிவாரம் தாண்டியும் பாடிக்கொண்டே போயிருக்கிறான். வடக்கத்திக்காரர்கள் ஏதோ சாமி பாட்டு என்று நினைத்துக் கைதட்டித் தாளம் போட்டார்களாம்.

"அவரு என்ன பண்ணினாரு?" என்று கேட்டேன்.

"குண்டனி நாட்டு அண்ணனா? மூஞ்சிய சிரிக்காம வெச்சுட்டு எந்திரிச்சு, 'ஒரு சேந்தமங்கலம்'னு கையை நீட்டினாருக்கா. நான் சில்லறையா குடுங்கன்னு சொல்லிட்டேன்."

இரண்டாவது போனில் சாவி. எதிர்பார்த்தபடியே அவர், கூடவே நாலைந்து மூத்தவர்களை நிறுத்திக்கொண்டு, மைதானத்துச் சாவியை ஸ்டோரில் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். தம்பி விறைப்பாக நின்று, ஓடிப்போய், ஸ்டோர் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து சாவியை அவர் கையில் வைத்தான்.

"வடக்கு வாசல் சாவி மட்டுந்தாங்கண்ணே இருக்குதாம். தெக்கு வாசல் சாவிய நீங்க போன தடவை வாங்கிட்டுப் போயித் திருப்பித் தரலையாம். இன்னைக்கே குடுக்கோணுமாம், இல்லீன்னா மேல ரிப்போர்ட் போகுதாம்."

அவர் தகட்டைப் படித்தார். சீரியல் நம்பரைப் படித்தார். ஒரே ஒரு நொடி, தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதற்குள் மற்றவர்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

போனை வைத்துவிட்டு நான் பாயிடம் அதைச் சொன்னபோது அவர் மிளகு மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது போனில் சிரிப்பு இல்லை.

அவனோடு சேர்ந்தவர்களில் சிலர் ஏற்கெனவே பெட்டியோடு கிளம்பிவிட்டார்கள். ஓட்டத்தில் இவன் முன்னால் நின்றான். சுமையில் நின்றான். காலில்தான் மாட்டிக்கொண்டான். தரைப் பயிற்சியில் மேடையிலிருந்து குதிக்கும்போது கால் பழையபடி பிரிந்துவிட்டது. அதை உஸ்தாத் பார்த்துவிட்டார். இன்னொரு தரம் பிரிந்தால் பெட்டியைக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

"குதிக்கறப்ப ஞாபகம் இருக்குதுக்கா. தரை கிட்ட வந்ததும் காலு மலைக்குப் போயிருது."

"அங்க கட்டி உட மாட்டாங்களா?"

"கட்டினா எல்லாரும் பாப்பாங்கக்கா."

பூத்துக்குள் மீட்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. வெளியே சந்தையில் யாரோ பலாப்பழத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். கட்டு வேண்டும், ஆனால் தெரியக் கூடாது. கால் பிரிந்தால் அவனுக்குத் தெரிய வேண்டும், அடுத்தவர்களுக்குத் தெரியக் கூடாது. சர்க்யூட்டில் இதற்கு ஒரு சின்ன ஸ்விட்ச் போதும். அழுத்தம் இருக்கும்வரை சமிக்ஞை, அழுத்தம் போனால் இல்லை.

"அம்மா குடுத்த மெளகு இருக்குதா?"

"இருக்குது. எனக்கு இருமல் இல்லக்கா."

"உள்முட்டி எலும்பு மேல ஒரு மெளக வெச்சு பிளாஸ்திரி ஒட்டு. ஒரு கால்ல மட்டும். கணுக்கால் உள்பக்கமும் ஒண்ணு. கால ஒட்டினா அது குத்தும். குத்தறது நின்னா காலு பிரிஞ்சிருச்சுன்னு அர்த்தம். வலி இருக்கற வரைக்கும் நீ நல்லா இருக்கறேன்னு நெனச்சுக்க."

"ஒசந்த மெளகா, சாதா மெளகாக்கா?" என்றான். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பேருந்து நிற்கும்போதெல்லாம் நடத்துனர் பூத்துக்குள் தலையை நீட்டி, "தம்பி குதிச்சாச்சுங்களா?" என்பார். "லைன் சரியில்லீங்க" என்பேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நானே தினமும் சோதித்தேன். அம்மா சந்தைக்கு வரும் நாட்களில் பூத்துக்கு எதிரிலேயே கூடையை இறக்கி உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு ஒரு நாள், ஞாயிறுகூட இல்லை, மணி அடித்தது. மறுமுனையில் தம்பி இல்லை, குண்டனி நாட்டுக்காரர்.

"உங்க தம்பி முட்டியில என்னமோ புண்ணுங்க. என்னன்னு கேட்டா மெளகுங்கறான். பட்டாளத்துல எத்தனையோ பேரைப் பாத்துட்டேனுங்க. காலுக்கு மெளகு போட்டவன இப்பத்தானுங்க பாக்கறேன்."

"காலு?" என்றேன்.

"ஒட்டிக்கிச்சுங்க. உஸ்தாத் நேத்து நாலு தரம் குதிக்க உட்டுப் பாத்தாரு. பிரியலை. தொப்பி குடுத்துட்டாங்க. அவன் இப்ப ஓடிட்டிருக்கறானுங்க, தொப்பியோட. அதான் நான் கூப்பிட்டேன்."

எதிரில் கூடையோடு இருந்த அம்மாவுக்குக் கையால் சைகை செய்தேன். அவள் உடனே எழுந்து எங்கோ போனாள். பிறகுதான் தெரிந்தது, நடத்துனரைத் தேடித்தான் போயிருக்கிறாள்.

"அப்பறமுங்க," என்றார் அவர், "சாவி எங்கிட்டத்தான் இருக்குது. அதுக்குப் பூட்டு இருந்தா அதையும் அனுப்பி வெச்சீங்கன்னா நல்லா இருக்கும்."

"பூட்டு வேணும்னா நேருல வந்து வாங்கிக்கோணுமுங்க," என்றேன். இந்த முறை அவர் 'சாமி' போடவில்லை என்பதையும் கவனித்துக்கொண்டேன். அது எந்தக் கிண்ணம் என்று அன்றைக்கு நான் முடிவு செய்யவில்லை.

தம்பி விமானத்திலிருந்து குதித்து, சட்டையில் சிறகுச் சின்னம் வாங்கிக்கொண்டு, அடுத்த விடுமுறைக்கு வந்தான். அவன் வரும் பேருந்து எது என்று மலை முழுக்கத் தெரிந்திருந்தது. சந்தையில் கூட்டம். பாய் ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டு மாலையோடு நின்றார். மரவள்ளிக் காட்டுக்காரர்கூட வந்திருந்தார். வண்டி வழக்கம்போல எங்கள் கடைச் சரிவில் வந்து நின்றது. நடத்துனர் முதலில் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, கையை நீட்டி வழி காட்டினார். படியில் தம்பி தெரிந்தான். மடிப்புக் கலையாத சட்டை, சாய்த்து வைத்த மெரூன் தொப்பி, தோளில் பை. எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடைசிப் படியிலிருந்து குதித்தான்.

பாதங்கள் ஒட்டியிருந்தன. முட்டிகள் ஒட்டியிருந்தன. உஸ்தாத் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். தரை பட்டதும் முறைப்படி பக்கவாட்டில் சாய்ந்து, முறைப்படி உருள ஆரம்பித்து, சரிவில் முறையாகவே போய், மரவள்ளிக் காட்டுக்குள் மறைந்தான்.

செடிகளுக்கு மேலே தொப்பியைப் பிடித்த ஒரு கை மட்டும் தெரிந்தது. தொப்பியில் மண் படவில்லை.

நடத்துனர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படியில் ஏறிக்கொண்டு விசில் கொடுத்தார்.

"எறங்கிட்டாரு. ரைட், போலாம்."